கார்புரேட்டருக்குத் தெரியாத டர்போ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கியர்பாக்ஸை ஒற்றை ஆளாக இறக்கப் போய் வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இப்போது பேனா பிடிக்க முடிகிறது, ஸ்பேனர் இன்னும் முடியவில்லை. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய காருக்கு டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் விசிறி, வாங்கி வைத்திருக்கிறாய். பார்க்கிறவர்கள் எல்லாம் காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் அந்த இரட்டை வெபர் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறச் சொல்கிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். கழற்றாதே. டர்போ வைத்த முதல் கார்களே கார்புரேட்டரோடுதான் வந்தன. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும் செவ்ரோலெட் கார்வேர் ஸ்பைடரும் அப்படித்தான். ஜெட்ஃபயரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம், 10.25-க்கு 1. அந்த அளவில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) கொடுத்தால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது) வராமல் என்ன செய்யும்? அதனால் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிப் பீய்ச்சினார்கள். தொட்டி காலியானால் பூஸ்டும் குறைந்துவிடும். ஊற்ற மறந்தவர்கள் வண்டியைத் திட்டினார்கள். பலர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு கார்களிலும் கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருந்தது. காற்றும் பெட்ரோலும் கலந்த பிறகு டர்போ அதை இழுத்து அமுக்கும். செய்வதற்குச் சுலபம், பழைய பம்பே போதும், பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கவும் செய்யும். ஆனாலும் உனக்கு வேண்டாம் என்பேன். த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) மூடியதும் டர்போவின் காற்றுப் பக்கம் வெற்றிடமாகி, சாதாரண சீலைத் தாண்டி ஆயிலை உறிஞ்சும். சைலன்ஸரில் நீலப் புகை வரும். அதற்கென்று கார்பன் சீல் உள்ள டர்போ வேண்டும், நீ வாங்கியது அந்த வகையில்லை. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் மறந்துவிட வேண்டியதுதான். குளிர்ந்த இன்டர்கூலருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கையில் ஒரு பேக்ஃபயர் வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆக, டர்போவுக்குப் பின்னால் கார்புரேட்டர். 1980-இல் லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ இரண்டு டெல்லார்ட்டோ கார்புரேட்டரை வைத்து 210 குதிரைசக்தி எடுத்தது இப்படித்தான். மஸராட்டி பைடர்போவில் இரண்டு டர்போக்கள் சேர்ந்து ஒரே வெபருக்குள் ஊதின. சூடான இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது அதில் பெரும்பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். டர்போ என்று ஒன்று இருப்பதே கார்புரேட்டருக்குத் தெரியக்கூடாது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சூரியில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் நிற்கும் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் அழுத்தம் பெட்ரோலை ஜெட் என்ற சிறு துளை வழியாகத் தள்ளுகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் மொத்தக் கார்புரேட்டரும் இருக்கிறது. வென்சூரிக்குள் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட்) பூஸ்டை ஊதிவிட்டு, ஃப்ளோட் சேம்பரை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்தால் பெட்ரோல் வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் சேம்பரின் காற்றுத்துளையும் அதே பூஸ்ட் காற்றைத்தான் பார்க்க வேண்டும். இப்போது சேம்பருக்குள் 7 பி.எஸ்.ஐ. இருக்கிறதா, 3 பி.எஸ்.ஐ. பம்பால் அதற்குள் ஒரு சொட்டாவது தள்ள முடியுமா? பூஸ்டுக்கு மேல் எப்போதும் 3 நிற்கிற மாதிரி, பூஸ்ட் குழாயோடு இணைத்த ரெகுலேட்டர் வேண்டும். பம்ப் 10-ஐத் தாண்டியும் தாராளமாகத் தரவேண்டும், மிஞ்சியது டேங்குக்குத் திரும்ப ஒரு லைன் வேண்டும்.

நான் பிஸ்டனைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். உனக்கு அப்போது சொல்லவில்லை, வெட்கம். ரெகுலேட்டருக்குப் போகும் பூஸ்ட் குழாயைக் கிளிப் போடாமல் சும்மா சொருகி வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் வண்டி பறந்தது. மூன்றாம் நாள் நீண்ட ஏற்றத்தில் முழு த்ராட்டில், அந்தக் குழாய் கழன்றுவிட்டது. மூன்று விநாடி அருமையாக இழுத்தது. சேம்பரில் இருந்த பெட்ரோல் அவ்வளவுதான். அப்புறம் ஒரு இருமல், ஒரு உலோகச் சத்தம். பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எல்லாம் அலுமினியம். மூன்றாவது பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருந்த கரை பெயர்ந்து போயிருந்தது. அந்தத் துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அழுத்தத்தைச் சரிசெய்தாலும் ஜெட் மாற்றாமல் விடமுடியாது. சூட்டைக் கழித்துப் பார்த்து, பூஸ்டில் காற்று 30 சதவீதம் அடர்த்தியாகிறது என்று வைத்துக்கொள். கார்புரேட்டர் தரும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத்தான் கூடும். 14 சதவீதம் வரும். பாக்கிக்கு மிக்சர் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும், அதுவும் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) வேண்டிய நேரத்தில். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் பூஸ்ட் இல்லாதபோது கொஞ்சம் புகைக்கும், பொறுத்துக்கொள். பூஸ்டில் காற்றும் பெட்ரோலும் எடையில் 11.5-லிருந்து 12-க்கு 1 வருகிற மாதிரி வை. காதால் கேட்டு டியூன் செய்வேன் என்று மட்டும் கிளம்பாதே; சைலன்ஸர் பைப்பில் அந்த விகிதத்தை அளந்து காட்டும் ஒரு வைட்பேண்ட் லாம்டா சென்சார் மாட்டு. உன் காது நல்ல காதுதான், ஆனால் அந்த மூன்று விநாடியில் என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லையே!

இக்னிஷன் டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) பூஸ்ட் ஏற ஏறப் பின்வாங்க வேண்டும். கம்ப்ரஷனை 8-க்கு இறக்கு, ஒரு படி குளிர்ந்த பிளக் போடு. இதெல்லாம் உனக்குத் தெரியும்.

இன்னொன்று: த்ராட்டில் கதவைத் தாங்கும் தண்டு, த்ராட்டில் ஷாஃப்ட். இத்தனை வருஷம் அது உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, இனி பெட்ரோல் கலந்த காற்றை வெளியே கக்கும். பக்கத்திலேயே டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். நல்ல சீல் போடு. இல்லையென்றால் மஸராட்டிக்காரர்கள் போல் மொத்தக் கார்புரேட்டரையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடு. உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம், கசிய வேலையில்லை. கேபிளும் பெட்ரோல் லைனும் வெளியே வரும் இடத்தை அடைப்பதுதான் அதில் பாடு.

எதையும் பிரிப்பதற்கு முன் உன் ஃப்ளோட் (சேம்பருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) இரண்டையும் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது, அப்போதே மாற்று; ஓட்டை இல்லாவிட்டாலும் உள்ளே வெறும் காற்றுள்ள பித்தளை ஃப்ளோட் பூஸ்டில் நசுங்கிப்போகலாம். பார்த்துவிட்டு எழுது. மணிக்கட்டு சரியானதும் நானே வருகிறேன். டைமிங் லைட்டை நான் கொண்டுவருகிறேன், உன்னுடையது பொய் சொல்லும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி