புதன்கிழமை பன்னிரண்டு மணி

இண்டியானா, அமெரிக்கா,
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று வாரமாகப் புதன்கிழமை போன் வரவில்லையே, என்ன விஷயம் என்று அண்ணனிடம் கேட்டாயாம். என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டிருக்கிறாய் என்றால் மனசுக்குள் எதையோ போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஒன்றுமில்லை. வீட்டில் சண்டையும் இல்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன், அவ்வளவுதான். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அண்ணனிடம் அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

இங்கே மத்தியானம் 12 மணி என்றால் உனக்கு ராத்திரி 10.30. நான் டப்பாவைத் திறக்கிற நேரம், நீ கொசுவலையை இறக்கிவிடுகிற நேரம். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தால் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்புறம் உனக்கு 9.30க்கே போன் வரும். போன வருஷம் இதைச் சொன்னபோது "கடிகாரத்தைத் தள்ளினால் சூரியன் கேட்குமா?" என்றாயே, அதே கூத்துதான்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக ஊழியர்களின் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனிதவளத் துறை நடத்துகிற பேச்சு. வாரத்துக்கு ஒரு தலைப்பு. ராத்திரி தூக்கம் ஏன் வருவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்துக்கும் தோளுக்கும் என்ன பயிற்சி செய்யலாம், ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும், மேலதிகாரியிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது, இப்படி. அந்தக் கடைசித் தலைப்புக்கு எங்கள் மேலதிகாரியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

கட்டணம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுபோக வேண்டும். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு 'பிரவுன் பேக்' என்று பெயர். பழுப்புக் காகிதப் பையில் ரொட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிற வழக்கத்திலிருந்து வந்த பெயர். நீ கொடுத்துவிட்ட எவர்சில்வர் டப்பாவோடு நான் போகிறேன். மூடியைத் திறக்கும்போது 'டங்' என்று சத்தம் வருவதால், பேச்சு தொடங்குவதற்கு முன்பே திறந்து வைத்துவிடுவேன்.

முதல் நாள் கூத்தைக் கேள். பேச வந்த பெண் ஒவ்வொருவர் முன்னாலும் சின்னக் காகிதக் கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டே வந்தார். உள்ளே இரண்டே இரண்டு கிஸ்மிஸ். "இதில் ஒன்றைச் சாப்பிட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்" என்றார். முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் காதோரம் வைத்து விரலால் உருட்டிச் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். அப்புறம் மோந்து பார்க்க வேண்டும். நாக்கில் வைக்கலாம், ஆனால் கடிக்கக்கூடாது. முப்பது பேர், பாதிக்கு மேல் பெரிய படிப்புப் படித்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு கிஸ்மிஸைக் காதோடு வைத்து உருட்டிக்கொண்டிருந்த காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துத்தான் சிரிப்பை அடக்கினேன்.

விளையாட்டாகத் தெரிந்தாலும் இது ஆஸ்பத்திரியில் பிறந்த பயிற்சி. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், எந்த மருந்துக்கும் அடங்காத வலியோடு வந்தவர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்தமதத் தியானத்தை எடுத்து, அதில் மதத்தை மட்டும் கழித்துவிட்டு, நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயிற்சியில் வருகிற கிஸ்மிஸ்தான் இப்போது எங்கள் மேசை வரைக்கும் வந்திருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் கடிக்கலாம் என்று சொன்னபோது, பல் பட்ட இடத்தில் முதலில் ஒரு புளிப்பு வந்தது. இனிப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. கிஸ்மிஸில் புளிப்பு உண்டு என்பது இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது. பொங்கலுக்கென்று நீ கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். எங்கே தெரியும்?

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க ஒரு அம்மா வந்தார். எங்கள் கட்டிடத்தைத் துப்புரவு செய்பவர், உன் வயது இருக்கும். காலை 5 மணிக்கு வந்துவிடுவார். நான் வரும்போது குப்பைக் கூடையெல்லாம் காலியாகி, புதுப் பை மாட்டியிருக்கும். பேச்சு நடக்கும்போது அவர் கதவோரம் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றதைக் கவனித்திருந்தேன். "உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாமே" என்றேன். "என் சாப்பாட்டு நேரம் ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. இப்போது உட்கார்ந்தால் கணக்குக் கேட்பார்கள்" என்றார். யாரும் தொடாமல் கிடந்த நாலைந்து கோப்பைக் கிஸ்மிஸை ஒரே கோப்பையில் கொட்டினார், அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார், விளக்கை அணைத்தார். ஐந்து நொடிகூட ஆகியிருக்காது.

சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே கணக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊழியருக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்த நாட்டின் மத்தியச் சட்டம் சொல்வதில்லை. கொடுத்தால், வேலையை முழுசாக விட்டுவிட்டு உட்கார்கிற அந்த அரைமணி நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர்களான பேராசிரியர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எனக்கு மணிக்கணக்குச் சம்பளம், சாப்பாட்டுக்கு அரைமணி. பேச்சோ ஐம்பது நிமிஷம். மிச்சம் இருபது நிமிஷத்தைச் சாயங்காலம் இருந்து ஈடுகட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வேலையையும் வீட்டையும் சரிசமமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கேட்ட அன்றைக்கு நான் வீட்டுக்கு இருபது நிமிஷம் தாமதம். உன் மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் கணக்கு எழுதுவது பொருளாதாரத் துறைக்கு என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பேராசிரியரிடம் கிஸ்மிஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-ல், தங்கள் ஊழியர்களிலேயே கிட்டத்தட்ட 5,000 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு உடல் பரிசோதனை, வகுப்பு, கலந்துகொண்டால் ஊக்கத்தொகை என்று எல்லாம் கொடுத்தார்கள். மறு பங்குக்கு ஒன்றும் இல்லை. 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வைத்தியச் செலவு குறையவில்லை. பழக்கவழக்கமும் பெரிதாக மாறவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை கூடியது, நிர்வாகத்துக்கு நம்மேல் அக்கறை இருக்கிறது என்று நினைத்தவர்களின் எண்ணிக்கையும் கூடியது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. கூப்பிட்டதும் வந்து சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் அதற்கு முந்தின வருஷமே வராதவர்களைவிட ஆரோக்கியமாகவும் குறைந்த வைத்தியச் செலவோடும் இருந்தவர்கள்.

கேட்டதும் எனக்கு அந்தத் துடைப்பக் கட்டைதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் 12 மணிக்கு யாரால் வந்து உட்கார முடியும்? மாணவர் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கு அதுதான் தலை நிமிர முடியாத நேரம். காலை ஷிப்டுக்காரர்களுக்குச் சாப்பாடு அப்போதே முடிந்துபோயிருக்கும். வருவது என்னைப் போலக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான்.

அதைச் சொல்லப் போய்த்தான் அவரிடம் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே மத்தியானச் சாப்பாடு போடுவார்கள், எம்.ஜி.ஆர். என்ற முதலமைச்சர் 1982-ல் விரிவாகக் கொண்டுவந்த திட்டம், என் அம்மா அதில் சமையலர் என்றேன். எத்தனை பிள்ளைகள் என்றார், 240 என்றேன். சமைக்கிறவர்கள் எத்தனை பேர் என்றார், அம்மாவும் ஆயாவும், இரண்டு பேர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவர்கள் இருவரும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார். பொருளாதாரக்காரர் புத்தி அப்படித்தான் போகிறது.

மூன்று மணி என்றேன். எனக்குத் தெரியும். மணி அடித்ததும் நான் வகுப்பிலிருந்து நேரே அங்கேதானே ஓடி வருவேன். நீ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, அடிப்பிடித்த சாதத்தில் மிச்ச சாம்பாரை ஊற்றி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். முட்டை போடுகிற நாளில் உன் நகக்கண்ணில் ஓட்டுத்தூள் ஏறியிருக்கும், அந்தக் கையை உதறி உதறிச் சாப்பிடுவாய். எனக்கும் ஒரு வாய் கொடுப்பாய். அந்த ஒரு வாய்க்காக ஓடி வருவேனே தவிர, நீ மூன்று மணி வரைக்கும் பட்டினி கிடந்திருக்கிறாய் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த வகையில் பேராசிரியரின் கேள்வி எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

லீவு சமாசாரம் கேட்டிருந்தாயே. சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் கிடையாது. எங்கள் இடத்தில் அவர்களாகக் கொடுக்கிறார்கள், பரவாயில்லை. அண்ணிக்குப் பேறுகால விடுப்பு ஒரு வருஷம், முழுச் சம்பளத்தோடு, தமிழ்நாட்டு அரசு 2021-ல் தன் ஊழியர்களுக்கு ஒன்பது மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்கியது என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன். நான் ஆங்கிலத்தில் எதையோ தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து, "வாரமா, மாதமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அவள் பிள்ளை பிறந்த ஆறாவது வாரம் வேலைக்கு வந்தவள்.

இவ்வளவு குறை சொல்கிறாய், அப்புறம் எதற்குப் போகிறாய் என்று கேட்பாய். போன புதன்கிழமைப் பேச்சுக்காகத்தான் போனேன். வயதான பெற்றோரைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. சுவரொட்டியில் ஜனவரியிலேயே பார்த்துவைத்திருந்தேன்.

அன்றைக்குக் கூட்டம் நிறைய. பேசியவர் சட்டத்திலிருந்து தொடங்கினார். 1993-ல் வந்த சட்டப்படி, ஒரு வருஷம் வேலை பார்த்தவர்கள், அம்மா அப்பாவுக்குக் கடுமையான நோய் என்றால் 12 வாரம் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வேலை போகாது, ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதிலும் பெற்றவர்களுக்கு மட்டும்தான், மாமனார் மாமியாருக்குச் செல்லாது. இதை என் மாமியாரிடம் சொல்லி வைக்காதே.

அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அம்மா அப்பாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததை நிரப்ப வேண்டும். என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த டாக்டர், ரத்த வகை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது, வங்கிப் புத்தகம் எங்கே. பேனாவை எடுத்துவிட்டேன். உன் பெயரும் பிறந்த வருஷமும் எழுதினேன். மாத்திரை என்ற இடத்தில் 'பிரஷர், வெள்ளை நிறம், சின்னது, நடுவில் கோடு' என்று எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய அம்மா மூன்று தெரு தள்ளி இருக்கிறாராம். அவர் தாளும் பாதி காலிதான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். வாரம் தவறாமல் புதன்கிழமை போன் பண்ணியிருக்கிறேன், என்ன குழம்பு என்று கேட்டிருக்கிறேன், மாத்திரை போட்டாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். என்ன மாத்திரை என்று கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரியே அண்ணனிடம் கேட்டேன். 'பச்சை அட்டை' என்கிறான். அவன் ஞாயிறு தோறும் வந்து போகிறவன்!

அந்தத் தாளை இதோடு அனுப்புகிறேன், தமிழில் எழுதிவிட்டேன். அண்ணியை வைத்துக்கொண்டு நிரப்பி, அண்ணனிடம் கொடு. டாக்டர் சீட்டு பழசானாலும் கிழிக்காதே. மளிகைக் கணக்கெழுதிய பின்பக்கமானாலும் பரவாயில்லை, போட்டோ எடுத்து அனுப்பச் சொல். சாவியைப் பின்வீட்டு அத்தையிடம் கொடுத்துவைத்திருக்கிறாயா, இல்லை இன்னும் உரலுக்கு அடியில்தானா?

வருகிற புதன்கிழமை நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று பேசுகிறார்கள். நான் போகவில்லை. 10.30க்குப் போன் வரும். மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துக் கொசுவலைக்குள்ளேயே வைத்துக்கொள். நீ ஒவ்வொரு எழுத்தாக வாசி, நான் எழுதிக்கொள்கிறேன். சாப்பிட்டாயா என்று நான்தான் முதலில் கேட்பேன்.

உன் அன்பு மகள்