தரம் 1 வகுப்பறைக்குச் சிறுவர் மேசை, கதிரைகளும் அடிப்படைப் பொருட்களும் கோரல்

அதிபர் ஊடாக,
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
மூதூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வெருகல் பிரதேசத்திலுள்ள எங்கள் பாடசாலையில் தரம் 1 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 26 பிள்ளைகள். இருப்பவை 11 மேசைகள். அவையும் மேல் வகுப்புப் பிள்ளைகள் பாவித்து முடித்து எங்களிடம் வந்தவை.

ஐந்து வயதுப் பிள்ளை அந்தக் கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாது. மேசை நெஞ்சு வரை வரும். தோளைத் தூக்கிக்கொண்டு எழுதிப் பார்த்துவிட்டு, கை சோர்ந்ததும் எழுந்து நின்று எழுதுவார்கள். மேசை கிடைக்காதவர்கள் பாயில் குப்புறப் படுத்து எழுதுகிறார்கள். பாயில் இருத்திப் படிப்பிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கதைக்கும் பாட்டுக்கும் பாய்தான் நல்லது. ஆனால் எழுத்துக்கு மேசை வேண்டும். பென்சிலைப் பிடிக்கும் விதம் இந்த ஒரு வருடத்தில்தான் விரலில் படிகிறது. பிழையாகப் பழகிய பிடியைத் தரம் 3இல் திருத்துவது எவ்வளவு பாடு என்பது ஆரம்பப் பிரிவில் படிப்பித்த எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து வராத பிள்ளை கெட்டித்தனம் இல்லாத பிள்ளை என்று பேர் வாங்கிவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசு இலவசமாகத் தருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அந்தப் புத்தகத்தை விரித்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதே இந்த மனு.

2006இல் போரால் ஏற்பட்ட இடப்பெயர்வுக்குப் பிறகு மக்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் உதவி நிறுவனங்கள் பிளாஸ்டிக் கதிரைகள் தந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு அளவானவை அவை மட்டும்தான். இப்போது எல்லாம் வெடித்து, கால் உடைந்து மூலையில் கிடக்கின்றன.

அடுத்தது அலுமாரி. வகுப்பறையின் ஒரு பக்கம் அரைச்சுவர். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதியும் மாரியில் தூவானமும் நேரே உள்ளே வரும். எழுத்து அட்டை, எண் அட்டை, படங்கள் எல்லாவற்றையும் நானும் தாய்மாரும் சேர்ந்து செய்கிறோம். வைக்க இடமில்லாததால் ஒரு தவணைக்கு மேல் அவை தாங்குவதில்லை. கரும்பலகையும் பூச்சு உரிந்து, பின்னால் இருப்பவர்களுக்கு எழுத்துத் தெரிவதில்லை. தரம் 2 பக்கத்திலேயே நடக்கிறது. இடையில் ஒரு தட்டி இருந்தால் சத்தம் குறையும்.

ஆகவே சிறுவர்களுக்கு அளவான மேசையும் கதிரையும் 26 சோடி, பூட்டுள்ள அலுமாரி ஒன்று, புதிய கரும்பலகை ஒன்று, நகர்த்தக்கூடிய தட்டி ஒன்று ஆகியவற்றைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் இந்த வருட நிதி போதாவிட்டால் மேசை, கதிரையை முதலில் தாருங்கள். புதியவைதான் வேண்டும் என்றில்லை. வலயத்தில் பிள்ளைகள் தொகை குறைந்த பாடசாலைகளில் சிறுவர் தளபாடங்கள் சும்மா இருந்தால் அவற்றை எங்களுக்கு மாற்றித் தந்தாலும் போதும். ஏற்றி வர உழவு இயந்திரம் தருவதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். தச்சுவேலை தெரிந்த தகப்பன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள். பலகை கிடைத்தால் உடைந்தவற்றைக் கூலி வாங்காமல் திருத்தித் தருவார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இதற்கு உடன்பட்டிருக்கிறது.

ஜனவரியில் புதிய பிள்ளைகள் வருவதற்கு முன் இவை கிடைத்தால் பேருதவியாக இருக்கும். அதற்கு முன்பு தாங்களோ ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரோ ஒருநாள் காலையில், பிள்ளைகள் எழுதும் நேரத்தில், வகுப்புக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தரம் 1 வகுப்பாசிரியை

பிரதி: கோட்டக் கல்விப் பணிப்பாளர்
பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர்