கார்புரேட்டருக்கு அடியில் முடுக்காமல் விட்ட போல்ட்: இன்ஜின் மறுசீரமைப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
ஜீப் உரிமையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இன்ஜின் மறுசீரமைப்பு நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: 1968-ஆம் ஆண்டு மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் வேலையில் உள்ள குறைகள் – சரிசெய்து தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். என் ஜீப்பின் இன்ஜினை முழுமையாகப் பிரித்து ரீபோர் செய்யவும் (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யவும்), தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பழைய பாயிண்டுகளை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தவும், ஆயில் முழுவதும் வடிகட்டியின் வழியாகவே போகும்படி மாற்றவும் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். மொத்தம் 1,38,000 ரூபாய் செலுத்தினேன். எலக்ட்ரானிக் இக்னிஷனில் குறை ஏதும் இல்லை. காலைக் குளிரிலும் ஒரே சுழற்சியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. மற்ற இரண்டு வேலைகளைப் பற்றியே இந்தக் கடிதம்.

சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கொதித்தது. வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டால் குமிழிகள் எழுந்தன. ஆயில் அளவுக் கம்பியில் மோர் நிறத்தில் ஆயில் ஒட்டியிருந்தது. தொலைபேசியில் தங்கள் சேவைப் பிரிவினர் மூன்று பதில்கள் சொன்னார்கள்: பழைய இன்ஜின் அப்படித்தான் இருக்கும், மலையில் ஓட்டினால் சூடாகத்தான் செய்யும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாத ஊரில், இன்ஜின் சூடேறுவதற்கென்றே வைத்திருக்கும் உறுப்பைக் கழற்றச் சொல்வது என்ன வைத்தியமோ தெரியவில்லை. இதே வண்டி என் தந்தையார் காலத்திலிருந்து தேயிலை மூட்டைகளோடு இதே சாலையில் ஏறி இறங்கியிருக்கிறது.

உள்ளூர் மெக்கானிக்கை அழைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தோம். முதல் சிலிண்டர் 120, நான்காவது 118. நடுவில் உள்ள இரண்டாவதும் மூன்றாவதும் சதுர அங்குலத்துக்கு 70, 75 பவுண்டு மட்டுமே. இந்த இன்ஜினுக்குக் கையேடு சொல்வது 120 முதல் 130 வரை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் விழுந்தால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகட்டை) சந்தேகிக்க வேண்டும் என்பது தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

இது 'எஃப்-ஹெட்' வகை இன்ஜின். 1953-ல் வில்லிஸ் நிறுவனம் சிஜே-3பி ஜீப்பின் பானட்டை அவ்வளவு உயரமாக்கியதே இதைக் கொள்ளவைப்பதற்காகத்தான். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கின் பக்கவாட்டிலும் இருக்கும். இன்லெட் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது; ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. கார்புரேட்டர் நேராக ஹெட்டின் மேல் உட்காரும். அதனால் ஹெட் போல்ட்டுகளில் ஒன்று கார்புரேட்டருக்கு அடியில், காற்று உள்ளே போகும் துவாரத்துக்குள் மறைந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றாமல் அதைப் பார்க்கவும் முடியாது, முடுக்கவும் முடியாது. இந்த இன்ஜினைத் தொடுகிறவர் முதலில் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதுதான்.

வீடியோ எடுத்தபடியே கார்புரேட்டரைக் கழற்றினோம். அந்தப் போல்ட் விரலால் திருப்பியபோதே சுழன்றது. ஹெட் போல்ட்டுகளுக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு முறுக்கு விசை கொடுக்க வேண்டும். இதற்கு ஸ்பேனரே பட்டதாகத் தெரியவில்லை.

தங்கள் ரசீதில் 'இன்ஜினைச் சூடாக்கியபின் ஹெட் போல்ட்டுகள் மறுபடியும் முடுக்கப்பட்டன' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனிக் கூலியும் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் இன்ஜினுக்குப் பூசிய பச்சை வண்ணம் கார்புரேட்டரின் அடி நட்டுகளின் மேல் கீறல்கூட இல்லாமல் படிந்திருந்தது. வண்ணம் பூசியபின் அந்த நட்டுகளை யாரும் கழற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வண்ணம் பூசியது இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு என்பதற்குத் தாங்களே அனுப்பிய படங்கள் இருக்கின்றன. செய்யாத வேலைக்கு ரசீதில் வரி எழுதியிருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போல்ட்டை மறப்பது கவனக்குறைவு. முடுக்கியதாக எழுதிக் கூலி வாங்குவது அதனினும் மோசமானது.

வால்வு இடைவெளியையும் பார்த்தோம். குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 அங்குலம் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடுகளில் 0.010 அங்குலத் தகடே இழுபறியாகத்தான் நுழைந்தது. ஒப்படைக்கும்போது "சத்தமே இல்லை பாருங்கள்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். எக்ஸாஸ்ட் வால்வை இறுக்கிவைத்தால் சத்தம் அடங்கும், உண்மைதான். சூட்டில் நீளும் வால்வு முழுமையாக மூடாமல் விளிம்பு கருகிப்போகும், அதுவும் உண்மைதான்.

இனி ஆயில் வடிகட்டி. இந்த இன்ஜினில் பழைய அமைப்புப்படி ஆயிலின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டிக்குப் போய் மீண்டும் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும். பெரும்பகுதி வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குப் போகும். அதை மாற்ற வேண்டுமானால் பிளாக்கில் துளையிட்டு ஆயில் வழியையே திருப்ப வேண்டும். அந்த வேலைக்கென்று 22,000 ரூபாய் வாங்கினீர்கள். பார்த்தால், பழைய குழாய்களின் முனையில் புதிய திருகு வடிகட்டி ஒன்று தொங்குகிறது. அவ்வளவுதான். பிளாக்கில் புதிய துளை எதுவும் இல்லை.

அதற்குமேல் நாங்கள் எதையும் தொடவில்லை. வண்டி கொட்டகையில் நிற்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பொறுப்பான ஒருவர் இங்கே வந்து, என் மெக்கானிக்கின் முன்னிலையில் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஹெட்டும் பிளாக்கின் மேல்தளமும் வளைந்திருக்கின்றனவா, தண்ணீர் கலந்த ஆயிலால் பேரிங்குகள் கெட்டிருக்கின்றனவா என்று அளந்து எழுத்தில் தர வேண்டும். கெட்டிருப்பவை அனைத்தையும் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். வடிகட்டிக்கு வாங்கிய 22,000 ரூபாயையும், போல்ட் முடுக்கியதாக வாங்கிய கூலியையும் திருப்பித் தர வேண்டும். கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரை (சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் உறுப்பை) இதுவரை திருப்பித் தரவில்லை. அது என் பொருள். பழைய இரும்புக்காரரிடம் போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ரசீதின் நகல், படங்கள், வீடியோ பதிவு, கம்ப்ரஷன் அளவுக் குறிப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆய்வுக்கு வருபவர் எஃப்-ஹெட் இன்ஜினை முன்பு பிரித்துப் பார்த்தவராக இருக்கட்டும். முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர்,
கோத்தகிரி.