பேச்சுவார்த்தைக்கு உட்காரும் பெரியவர்களுக்கு

கணவன் மனைவி பிரச்சினை கோர்ட்டுக்குப் போகும் முன்பே தோட்டத்துச் சாளையிலோ மண்டபத்திலோ உட்கார்ந்து பேசி முடிக்கும் கொங்குநாட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமுங்க.

ஈரோட்டில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். நீங்கள் முடித்துவைத்த விவகாரங்களில் சில, சொத்துக்காக மறுபடி எங்களிடம் வருகின்றன.

உங்கள் பேச்சு நகையில்தான் தொடங்கும். "போட்ட பவுனைத் திருப்பிக் குடுத்தரலாம், கூட ஒரு தொகை போட்டுக்கலாம்" என்பீர்கள். சரி, அந்தப் பவுன் யாருடையது? சீதனம் முழுக்க மனைவியின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. இருவருக்கும் பொதுவானதல்ல என்று 2024-இல் மறுபடியும் சொன்னது. அவளுடையதை அவளிடம் தருவதை மாப்பிள்ளை வீட்டாரின் பெருந்தன்மையாகக் கணக்கெழுதாதீர்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்த சொத்தைத்தான் நீங்கள் பேசுவதே இல்லை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்கள் உங்களுக்குத் தெரியாததா? அவர் தறி ஓட்டுவார். தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதும் (தார் சுற்றுவது), மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதும் அந்தப் பொண்ணு. பால் காசில் வீட்டுச் செலவு ஓடியதால்தான் நெசவுக் கூலி கடன் தவணைக்குப் போனது. பேங்கில் கடன் வாங்கும்போது அவள் கையெழுத்தும் வேண்டியிருந்தது. இடத்தைப் பத்திரம் பண்ணும்போது மட்டும் ஒரே பேர். பிரிந்த பிறகு தறிக்குடோன் அவருக்கு, பேங்க் நோட்டீஸ் இரண்டு பேருக்கும். சீர் கொண்டுவந்ததற்கு வீடியோ இருக்கிறது, அவள் தார் சுற்றியதை யார் எடுத்து வைத்தார்கள்?

சட்டமும் இங்கே அரைகுறைதான். இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. ஆனால் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. கணவர் சவுதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்தார். வீட்டு வேலையும் சொத்து சேர உதவிய உழைப்புதான் என்று சொல்லி, மனைவிக்குச் சமபங்கு கொடுத்தது. வீட்டில் இருந்தவருக்கே அப்படியென்றால், தறியிலும் நின்றவருக்கு?

மனைவி பேரில் இடம் வாங்கிவிட்டு, சண்டை வந்ததும் "எல்லாம் என் காசு" என்று வரும் கணவர்களும் உண்டு. அங்கேயும் இரண்டு பேர் உழைப்பையும் பாருங்கள்.

அதனால் அடுத்த முறை உட்காரும்போது பத்திரத்தோடு பால் சொசைட்டி நோட்டு, மகளிர் குழுக் கடன் புத்தகம், பேங்க் பாஸ்புக், கடன் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பொண்ணையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவளுக்காக அவள் அண்ணன் பேசினால் போதாது. கடன் யார் தலையில் என்பதையும் அன்றைக்கே தீர்மானியுங்கள், பேங்கிலும் பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இடமோ வீடோ கொடுப்பதாக முடிவானால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பாதீர்கள். நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்து அப்படிக் கைமாறாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியுங்கள், அந்தச் சொத்தைப் பற்றியே வழக்கு நடந்துகொண்டிருந்தால் சமரசத்தைக் கோர்ட்டிலேயே பதிவு செய்து தீர்ப்பாணை வாங்கிக் கொடுங்கள்.