அந்துப்பூச்சிக்கு மட்டும் ஏன் கெட்ட பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் கடற்குதிரையையும் அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை வந்திருந்தது. மகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று மீன், மற்றது பூச்சி, ஒன்றுக்கு முள்ளந்தண்டு உண்டு, மற்றதற்கு இல்லை, அதெல்லாம் சரி. கடைசி வரியில் "கடற்குதிரை: அழகு, அந்துப்பூச்சி: தீங்கு" என்று போட்டிருந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் மன்னாரில் அடம்பன் பக்கம் வயல் செய்கிறவன். தண்டு துளைப்பான் என்கிற நெல் அந்தால் ஒரு காலபோகம் நட்டப்பட்டவன்தான், அந்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. அந்தத் தண்டு துளைப்பான் வைக்கோல் நிறம், பெண்ணுக்கு முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு, இலை நுனிப் பக்கம் முட்டையிட்டுத் தன் மயிராலேயே மூடிவிட்டுப் போய்விடும். அப்புறம் புழு தண்டுக்குள் இறங்கினால் கதிர் வெளுத்துப் பதராய் நிற்கும். ஆனால் தின்பது புழுதான், பறக்கிற அந்து இல்லை. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் அந்து இனங்கள் உலகத்தில் இருக்கின்றன, வயலுக்கு வருகிறது ஒரு சில. அட்லஸ் அந்து சிறகு விரித்தால் ஒரு சாண் இருக்கும், வளர்ந்த பிறகு ஒரு வாய் சாப்பாடு இல்லை, புழுவாய் இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே ஒன்றிரண்டு கிழமை இருந்து, ஆண் மணம் பிடித்துப் பெண்ணைத் தேடிப்போய், சோடி சேர்ந்து, அதோடு கதை முடிந்தது.

கடற்குதிரையின் பாடு நேர்மாறு. இரைப்பையே கிடையாது, அதனால் ஓயாமல் தின்ன வேண்டும். வாலால் கடற்புல்லைச் சுற்றிக்கொண்டு சாதுவாக நிற்கும், கூனி மாதிரி ஏதாவது கிட்ட வந்தால் குழாய் வாயால் ஒரே உறிஞ்சு! விடத்தல்தீவில் மச்சானின் நண்டு வலையில் ஒருமுறை ஒன்று வயிறு உப்பி வந்தது. "சினைப் பெட்டை" என்றான். அது ஆண், குஞ்சுகளைப் பையில் சுமப்பது அதில் தகப்பன்தான் என்றேன். நம்பவில்லை, ஆனாலும் வாலை வலைக் கண்ணிலிருந்து மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட்டான்.

இதையெல்லாம் போட்டிருந்தால் மகள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள். தீங்கு என்று ஒரு வரி எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடற்குதிரையைக் கடற்புல்லோடு சேர்த்து வாரிக்கொண்டு போகிற இழுவை மடியை எழுதுங்கள். 2017இல் இலங்கையில் சட்டம் போட்டுத் தடுத்தும் பாக்கு நீரிணையில் அது நின்றபாடில்லை.

வாசகன் ஒருவன்,
அடம்பன்.