ஐ-5 என்று கேட்டால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பழைய மடிக்கணினி வாங்கச் செல்லும் பெற்றோர் கடையில் முதலில் கேட்பது, "ஐ-5ஆ, ஐ-7ஆ?" என்பதுதான். கணினியின் மூளையான புரோசசர் என்ற சில்லுக்கு இன்டெல் நிறுவனம் வைத்த வகைப் பெயர்கள் இவை. ஐ-7 என்றால் வைரஸ் அண்டாது என்று என்னிடமே ஒருவர் அடித்துச் சொன்னார். தோட்ட அலுவலகக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோயில் கணக்கைக் கணினியில் எழுதிவரும் நான், அந்த எண்ணம் தவறு என்பதைக் கைக்காசு கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

விண்டோஸ் 11 என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்கப்பட்ட மடிக்கணினியில் இருந்தது ஐ5-6300யூ என்ற புரோசசர். கோட்டுக்குப் பின் வரும் 6 என்ற இலக்கம், அது ஆறாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் புரோசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் விதி. அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11-ஐ நிறுவியிருந்ததால், அடுத்த பதிப்புக்கு மாறும்படி கேட்டபோதெல்லாம் கணினி மறுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கே திரும்பலாம் என்றால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்த தனிநபர்களுக்கும் 2026 அக்டோபர் வரையில்தான் அவகாசம்.

புரோசசரின் வேகம் வைரஸைத் தடுப்பதில்லை; விண்டோஸ் போன்ற எந்த இயங்குதளத்தை முறையாக ஏற்கும் என்பதில்தான் அதன் வயது நம்மைப் பாதிக்கிறது. 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறை இன்டெல் சில்லுகளுக்குள்ளேயே இருந்தது என்றாலும், அதற்கான மருந்து இயங்குதளப் புதுப்பிப்பாகவே நம் கைக்கு வந்தது. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை என்ற புழு வகை நச்சுநிரல் நுழைந்த ஓட்டைக்கும் மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே ஒட்டுப் போட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே, ஐ-3 ஐ-7 என்ற பேதமின்றி, அகப்பட்டன.

நகலெடுக்கும் கடைக்குச் சென்று வந்த கோயில் பென்டிரைவில் ஒருநாள் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. என் மருமகன் அதை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் உள்ள கணினியில் செருகியபோது, மறைந்திருந்த திருவிழா வரவு செலவுக் கணக்கு அப்படியே தெரிந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அந்த நச்சுநிரல் அங்கே வெறும் கோப்பாகக் கிடந்தது. அதற்காக எல்லாரும் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போலி வங்கிப் பக்கத்தில் நாமாகவே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

எனவே, பழைய கணினி விற்போர் விலைச்சீட்டிலேயே புரோசசரின் முழு எண்ணையும் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கணினி வாங்குவதற்குமுன் அந்த எண் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ளதா என்று பெற்றோருக்குப் பார்த்துச் சொல்ல ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.