பெர்பெத்துவாவின் அப்பாவுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் மகள் உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை, அப்பா என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாள், அதனால் நானும் உங்களைப் பெர்பெத்துவாவின் அப்பா என்றே கூப்பிடுகிறேன். ரோமர் ஆட்சியில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கிறிஸ்தவள் என்பதற்காக அடைக்கப்பட்ட சிறையில் அவள் எழுதிய குறிப்புகள் உங்கள் கைக்கு வந்தனவோ என்னவோ, எங்கள் கைக்கு வந்துவிட்டன. 203-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று அவளை அரங்கத்தில் விலங்குகள் முன்னால் நிறுத்தினார்கள் இல்லையா, அதற்கு முந்தின நாள் வரை நடந்ததை அவளே எழுதியிருக்கிறாள். இனி நடக்கப்போவதை விருப்பம் உள்ளவர் எழுதட்டும் என்று முடித்திருக்கிறாள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. படிக்கிறவர்கள் சிறையில் அவள் கண்ட வெண்கல ஏணிக் கனவைப் பற்றியும் அரங்கத்தைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நின்றுபோவது நீங்கள் வரும் இடங்களில்தான்.

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நல்லதாகப் பேசுவதில்லை. சாத்தானின் வாதங்களோடு வந்த கிழவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல்லே அவள் எழுதியதுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. அவள் காவலில் இருந்த முதல் நாட்களில், வேண்டாம் மகளே என்று நீங்கள் விடாமல் பேசினீர்கள். பக்கத்தில் கிடந்த தண்ணீர்க் குடுவையைக் காட்டி, இதை இதன் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா அப்பா என்று கேட்டாள். முடியாது என்றீர்கள். அதே மாதிரி என்னாலும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது என்றாள். கண்ணைப் பிடுங்குவது போலப் பாய்ந்தீர்கள், அப்புறம் போய்விட்டீர்கள். நீங்கள் வராத அந்தச் சில நாட்கள் நிம்மதியாக இருந்தன, கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்று எழுதுகிறாள். அந்த நாட்களில்தான் திருமுழுக்கும் பெற்றாள். இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் எழுத்து அங்கே முடியவில்லை ஐயா.

இருபத்திரண்டு வயது, கையில் பால்குடி மறக்காத குழந்தை, நன்றாகப் படிக்கவைத்து வளர்த்த வீட்டுப் பெண். அப்படி ஓர் இருட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன் என்று ஒளிக்காமல் சொல்கிறாள். வெக்கை, நெரிசல், காசு பிடுங்கும் சிப்பாய்கள், இதற்கெல்லாம் மேலே குழந்தையைப் பற்றிய கவலை. தெர்சியு, பொம்போனியு என்ற இரண்டு திருத்தொண்டர்கள் பணம் கொடுத்துச் சிறைக்குள்ளேயே கொஞ்சம் நல்ல இடத்தில் சில மணி நேரம் இருக்க வழி செய்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் பசியில் துவண்டுபோயிருந்த பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். குழந்தையை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அவளுக்கு மாளிகையாகிவிட்டது, வேறெங்கும் இருக்கப் பிடிக்கவில்லை என்கிறாள். பிள்ளையை உதறிவிட்டுப் போனவள் என்று அவளைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

விசாரணைக்கு முன்னால் நீங்கள் மறுபடி வந்தீர்கள். என் நரைத்த தலைக்கு இரங்கு மகளே, உன் சகோதரர்கள் எல்லாரையும் விட உன்னைத்தானே மேலாக வைத்திருந்தேன், உன் அம்மாவைப் பார், நீ இல்லாமல் பிழைக்க முடியாத உன் பிள்ளையைப் பார் என்று கெஞ்சினீர்கள். பிள்ளைகள் மேல் சட்டப்படி முழு அதிகாரமும் உள்ள ரோமக் குடும்பத் தலைவர் நீங்கள், மகளின் கைகளை முத்தமிட்டு அவள் காலில் விழுந்து, மகளே என்று சொல்லாமல் சீமாட்டியே என்று கூப்பிட்டு அழுதீர்கள். தன் முடிவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட அத்தனையையும், படிக்கிறவர் மனம் உங்கள் பக்கம் சாயும் அளவுக்கு, அவள் அப்படியே எழுதிவைத்திருக்கிறாள். நேசிக்காத ஒருவரைப் பற்றி யாராலும் அப்படி எழுத முடியாது.

அப்புறம் அந்த விசாரணை நாள். பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். அப்பாவின் நரைக்காகவாவது, குழந்தைக்காகவாவது பேரரசர்களுக்காகப் பலி செலுத்து என்று விசாரித்த ரோம அதிகாரி இலாரியான் சொன்னான். செய்யமாட்டேன். நீ கிறிஸ்தவளா? கிறிஸ்தவள்தான். நீங்கள் விடாமல் அவளை இழுத்துப் பார்த்ததில், உங்களைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொன்னான். என்னையே அடித்தது போல வலித்தது, அவருடைய பாவப்பட்ட முதுமையை நினைத்து வருந்தினேன் என்று எழுதுகிறாள். விலங்குகளுக்கு இரையாக்கும் தீர்ப்பைக் கேட்டபோது வலித்ததாக ஒரு வார்த்தை இல்லை, மகிழ்ச்சியோடு சிறைக்குத் திரும்பினோம் என்கிறாள். அன்றைக்கு அவளுக்கு வலித்தது உங்கள் மேல் விழுந்த அடிதான்.

பிறகு பிள்ளையைக் கேட்டு ஆள் அனுப்பினாள், நீங்கள் கொடுக்கவில்லை. சரி, எந்தத் தாத்தா கொடுப்பார்? குழந்தை அதற்குப் பிறகு பால் கேட்கவில்லை, தனக்கும் மார் கட்டி வலிக்கவில்லை, கடவுள் பார்த்துக்கொண்டார் என்கிறாள். உங்கள் மேல் ஒரு கடுஞ்சொல் இல்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து அவள் திருநாளில் பிரசங்கம் செய்த புனித அகுஸ்தினாரும் இதைக் கவனித்திருக்கிறார்: தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளையையும் மீறாமல், உங்கள் பேச்சுக்கும் இணங்காமல், அளவோடு பதில் சொன்னாள் என்கிறார்.

அரங்கத்தில் நடந்ததை வேறொருவர் அவள் குறிப்புகளோடு எழுதிச் சேர்த்திருக்கிறார், அதைப் பற்றி உங்களிடம் அதிகம் சொல்ல மாட்டேன். காட்டுப்பசு முட்டித் தூக்கி எறிந்த பிறகு எழுந்து கிழிந்த உடையைச் சரிசெய்தாள், ஊசி கேட்டு அவிழ்ந்த கூந்தலை முடிந்தாள், சிறையில் குழந்தை பெற்று சில நாள்தான் ஆகியிருந்த அடிமைப்பெண் பெலிசித்தா விழுந்து கிடப்பதைப் பார்த்துக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

நான் இந்தக் கடிதம் எழுதியதே இன்னொரு விஷயத்தைச் சொல்லத்தான். ஏழு வயதில் முகத்தில் புற்று வைத்து இறந்துபோன உங்கள் மகன், அவளுடைய தம்பி தினோக்கிராத்தஸை அவள் மறக்கவில்லை. சிறையில் ஒருநாள் ஜெபம் செய்யும்போது சட்டென்று அவன் பெயர் வாயில் வந்தது. அன்றிரவு கனவில், முகத்தில் அந்தப் புண்ணோடு, தாகத்தோடு, எட்டாத உயரத்தில் விளிம்பிருந்த தண்ணீர்த் தொட்டி முன்னால் எம்பி எம்பி நின்றான். இரவும் பகலும் அவனுக்காக அழுது மன்றாடினாள். மறுபடி கண்டபோது விளிம்பு அவன் தொப்புள் வரை இறங்கியிருந்தது, புண் ஆறித் தழும்பாகியிருந்தது, வேண்டும் மட்டும் குடித்துவிட்டு விளையாடப் போனான்.

நீங்கள் கடைசியாக வந்து தாடியைப் பிய்த்துத் தரையில் குப்புற விழுந்து உங்கள் வயதையே சபித்தபோதும், உங்கள் முதுமைக்காக வருந்தினேன் என்றே எழுதுகிறாள். திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது பெலிசித்தா, பெர்பெத்துவா என்று அவள் பெயர் இன்றும் வருகிறது. அவளைக் கேட்கும்போது உங்களுக்காகவும் கேட்கிறேன். சின்னத் தம்பியின் தாகத்துக்காக அப்படி அழுதவள் உங்களுக்காக மன்றாடாமல் இருந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை ஐயா.

அன்புடன்,
உங்கள் மகளின் பக்தை ஒருத்தி